திண்ணையில் நாற்பது வருஷம்

அருப்புக்கோட்டைக்கும் விருதுநகருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு ஒதுங்கிக் கிடக்கிறது குல்லூர்சந்தை. வெளியூர்க்காரர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால் இரண்டு விஷயங்கள் ஞாபகத்துக்கு வரும். ஒன்று, கௌசிகா நதியின் குறுக்கே இருக்கும் அணை. இன்னொன்று, கேம்ப். 2021-இல் தமிழக அரசு அதற்கு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாற்றியது. ‘அகதி’ என்ற சொல் அரசுத் தாள்களை விட்டுப் போனது நல்லதுதான். ஊர் வாயில் மட்டும் அது இன்னும் கேம்ப். திருச்சுழித் தொகுதிக்குள் மல்லாங்கிணற்றிலும் ஒன்று இருக்கிறது. மாவட்டத்தில் வேறு இடங்களிலும் உண்டு.

அங்கே கொஞ்ச நேரம் காது கொடுத்து உட்கார்ந்தால் ஒன்று பிடிபடும். பாட்டி ‘ஓம்’ என்கிறாள், ‘கதைச்சுக்கொண்டு இருக்கிறம்’ என்கிறாள். மகளின் பேச்சில் பாதி அந்தத் தமிழ், பாதி இந்தத் தமிழ். பேரன் வாயைத் திறந்தால் முழுக்கக் கரிசல்காட்டுப் பேச்சு. மூன்று தலைமுறைக்குள் நாக்கு இந்த ஊர்க்காரனாகிவிட்டது. ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தப் பேரன் அயல்நாட்டான்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்து பெஞ்சில் கேம்ப் பையன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கணக்கில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. படித்து முடித்ததும் நாங்கள் எல்லோரும் போட்டித் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கினோம். அவனும் வாங்கினான். ‘இந்தியக் குடிமகனா?’ என்ற கட்டம் வரைக்கும் நிரப்பிவிட்டு, படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். இன்றைக்கு அவன் பெயிண்டர். கேம்ப் ஆண்களில் மிகப் பலருக்கு அதுதான் தொழில். விடிகாலையில் வாளியும் பிரஷ்ஷுமாகக் கிளம்பி, மதுரை வரைக்கும் கூடப் போய்ச் சுவர் பூசிவிட்டு வருவார்கள். அவன் வண்ணம் அடித்த வீடுகள் இந்த வட்டாரம் முழுக்க நிற்கின்றன. அவன் பெயரில் ஒரு சென்ட் நிலம் பதிய வழியில்லை.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் தெருவைப் பார்த்தபடி திண்ணை இருக்கும். வழிப்போக்கன் யாரையும் கேட்காமல் அதில் படுக்கலாம். விடிந்ததும் செம்பில் தண்ணீர் வரும், கூழும் வரும். ஆனால் திண்ணைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு நிலைப்படி உண்டு. ஈழத்திலிருந்தும் இலங்கை மலையகத்திலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களை 1983-லிருந்து நாம் திண்ணையில் வைத்திருக்கிறோம். சோறு போட்டோம். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தோம். அதற்காகத் தமிழ்நாடு பெருமைப்படலாம், நானும் படுகிறேன். நிலைப்படியைத் தாண்டி அவர்கள் உள்ளே வருவதற்கு மட்டும் வழி பிறக்கவில்லை.

உலகத்தின் பல தலைநகரங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. சொந்த நாட்டில் உயிருக்கு அஞ்சி வாழும் சிறுபான்மையினருக்கு மற்ற நாடுகள் தனி விசா தரவேண்டுமா? ஈராக்கின் யாசிதிகள், ஈரானின் பகாய்கள், ஆப்கானின் ஹசாராக்கள், பாகிஸ்தானின் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், அகமதியர்கள் என்று பட்டியல் நீளும். இது ஏதோ தூரத்துக் கேள்வி என்று நினைக்கவேண்டாம். குல்லூர்சந்தையில் நின்று கேட்டால்தான் இதன் முழுப் பாரமும் தெரிகிறது.

ஏனென்றால் இந்தியா இந்தக் கேள்விக்கு எப்போதோ ‘ஆம்’ என்று பதில் சொல்லிவிட்டது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று நம்மிடம் தனிச் சட்டமும் இல்லை. ஆனால் நீண்டகால விசா என்ற ஏற்பாடு இருக்கிறது. 2015 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து சமயக் கொடுமைக்கு அஞ்சி வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்கள் 2014 டிசம்பர் 31-க்குள் வந்திருந்தால், தாள் இல்லாவிட்டாலும், தாள் காலாவதியாகியிருந்தாலும் அவர்கள் குற்றவாளிகள் அல்லர் என்றது. 2016-இல் ஆப்கானிஸ்தானும் சேர்ந்தது. நீண்டகால விசா பெற்ற இந்தப் பிரிவினர் குடியிருக்கச் சிறு வீடு வாங்கலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஓட்டுநர் உரிமமும் பான் அட்டையும் பெறலாம், சொந்தத் தொழில் நடத்தலாம் என்று அதே ஆண்டில் வழிவிட்டார்கள். பிறகு 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம். 11 ஆண்டு வசிப்பு என்ற நிபந்தனை அவர்களுக்கு 5 ஆண்டாகக் குறைந்தது. 2024 மார்ச்சில் விதிகள் வந்தன. மே 15-இல் முதல் 14 பேர் கையில் சான்றிதழ் கிடைத்தது.

திண்ணை, நிலைப்படி, உள்வீடு என்று மூன்று கட்டமும் அமைந்த பாதை இது. ராஜஸ்தானில் பாலைவனத்தைக் கடந்து வந்த ஒரு பாகிஸ்தான் இந்துக் குடும்பத்துக்கு இது கிடைத்ததில் எனக்கு மனப்பூர்வமான மகிழ்ச்சி. அந்த வலி நமக்குத் தெரியாததா? என் வருத்தம் வேறு. அந்தப் பாதையில் இலங்கை என்ற பெயரே இல்லை. முஸ்லிம்கள் இல்லை, ஆகவே பாகிஸ்தானில் வழிபாட்டுக்காகவே சிறை செல்லும் அகமதியரும் இல்லை. 2021 செப்டம்பர் 8-இல் தமிழகச் சட்டமன்றம் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டபோது, இலங்கைத் தமிழர் விடுபட்டதும் பேசப்பட்டது. சட்டம் மாறவில்லை.

தமிழக முதல்வர் 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் வைத்த கணக்கு இது: 1983-லிருந்து வந்தவர்கள் 3,04,269 பேர். இன்னும் 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் இருப்பவர்கள் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வசிப்பவர்கள் 34,087 பேர். அன்றைக்கு 317 கோடி ரூபாய்க்கு மேல் திட்டம் அறிவித்தார்கள். ஒழுகும் வீடுகளை இடித்துவிட்டு 7,469 புது வீடுகள். குடும்பத் தலைவருக்கான மாதப் பணக்கொடை 1,000-லிருந்து 1,500 ரூபாய். தகரமும் தார்ப்பாயுமாகக் கரிசல் வெயிலில் வெந்து வாழ்ந்தவர்களுக்குக் கான்கிரீட் கூரை எவ்வளவு பெரியது என்பதை மே மாதத்தில் இந்தப் பக்கம் வந்து பார்த்தவர்கள் அறிவார்கள். மாநில அரசு தன் கைக்கு எட்டியதைச் செய்திருக்கிறது. குடியுரிமை அதன் கைக்கு எட்டாது.

2025 செப்டம்பர் 1-இல் புதிய குடியேற்ற, அயல்நாட்டவர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதோடு ஒரு விலக்கு உத்தரவும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சமடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு பாஸ்போர்ட், விசா கட்டாயமில்லை என்றது அந்த உத்தரவு. கொழும்பில் மைத்திரிபால சிறிசேன ஜனாதிபதியாகப் பதவியேற்ற நாள் அது. இதே உத்தரவில் மூன்று நாட்டுச் சிறுபான்மையினருக்கான கெடு 2024 டிசம்பர் 31 வரை நீட்டப்பட்டது. நாற்பது ஆண்டுகளாகத் தலைக்கு மேல் தொங்கிய ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற கத்தி கொஞ்சம் உயர்ந்திருக்கிறது. அதைச் சிறிய விஷயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ‘உன்னைத் திண்ணையிலிருந்து எழுப்பமாட்டோம்’ என்பது மட்டுமே அந்த உத்தரவின் பொருள். நிலைப்படி இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2022 மார்ச்சில் இலங்கைப் பொருளாதாரம் சரிந்து பசியோடு தனுஷ்கோடிக்கு வந்து சேர்ந்த முதல் 16 பேரும், அவர்களைத் தொடர்ந்தவர்களும் அந்தத் தேதிக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

கண்டிச் சீமைக் கதை

இந்த மண்ணுக்கும் அந்தத் தீவுக்கும் உள்ள தொடர்பை யுத்தத்திலிருந்து ஆரம்பித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இலங்கையைக் ‘கண்டிச் சீமை’ என்பார்கள். வானம் பார்த்த பூமி இது. மழை பொய்த்தால் கம்பும் சோளமும் பருத்தியும் சேர்ந்து பொய்க்கும். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும், ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி, புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டிக்கொண்டு போனார்கள். முதலில் காபித் தோட்டம். காபிச் செடியை நோய் தின்ற பிறகு தேயிலை. அன்றைக்கு அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரத்தைச் சேர்ந்தவை. நடந்தே கடற்கரைக்குப் போய்த் தோணி ஏறியவர்கள் உண்டு. பின்னாளில் மண்டபத்தில் நோய்த்தடுப்பு முகாம் வந்தது. கூலிகளை அங்கே நிறுத்திச் சோதித்துத்தான் கப்பலேற்றினார்கள். அதே மண்டபத்தில்தான் பல பத்தாண்டுகள் கழித்து அவர்களின் பேரப்பிள்ளைகள் அகதிகளாக வந்து இறங்கினார்கள். அந்த வரலாற்றை எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்குகிறது.

1948-இல் இலங்கை சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு, அதன் நாடாளுமன்றம் நிறைவேற்றிய குடியுரிமைச் சட்டம் தோட்டங்களுக்குப் போனவர்களின் வழிவந்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழரை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று முடிவானது. 1974-இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். களத்துமேட்டில் தானியம் பங்கிடுவதுபோல் மனிதர்களைப் பங்கிட்டார்கள். தோட்டத்து லயக் குடியிருப்பில் இருந்த யாரையும் யாரும் கேட்கவில்லை.

இந்தியாவின் பங்கில் விழுந்தவர்களில் பலர் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தார்கள். ‘தாயகம் திரும்பியோர்’ என்று அரசு பெயர் வைத்தது. அவர்களுக்காக 1969-இல் ரெப்கோ வங்கி உண்டானது. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டார்கள். பஞ்சாலைகளில் வேலை கொடுத்தார்கள். ஆனால் 1984-இல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர்களும், கையில் இந்திய பாஸ்போர்ட்டே வாங்கியவர்களும் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். 1977 கலவரத்திலும் 1983 ஜூலைக் கலவரத்திலும் அடிபட்டு மலையை விட்டு வடக்கே வன்னிக்கு ஓடியவர்கள் நிறைய. அங்கே யுத்தம் துரத்தியது. கடைசியில் மீன்பிடிப் படகில் ஏறி இங்கே வந்தார்கள்.

முறையாகக் கப்பலில் வந்திருந்தால் ‘தாயகம் திரும்பியவர்’. படகில் வந்ததால் அகதி. அண்ணன் கோத்தகிரியில் வாக்காளன், தம்பி முகாமில் அயல்நாட்டான். இதைவிட அநியாயமான விசாக் கணக்கு ஒன்றை எனக்குக் காட்டச் சொல்லிக் கேட்கத் தோன்றுகிறது.

நீதிமன்றத்துக்கு இது புரியாமலில்லை. 2019 ஜூன் 17-இல், திருச்சி கொட்டப்பட்டு முகாமைச் சேர்ந்த 65 பேர் தொடுத்த வழக்கில், மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இந்திய வம்சாவளியினரான இவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிவோடு பரிசீலிக்கவேண்டும் என்பது அதன் சாரம். 2022-இல் இன்னொரு வழக்கு. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண். குடியுரிமைச் சட்டப்படி 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர் யாராயிருந்தாலும் பிறப்பாலேயே இந்தியர். அவரும் இந்தியர்தான் என்று தீர்ப்பு வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

இந்த 1987 ஜூலை 1 என்ற தேதியைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். ஒரே கேம்ப் வீட்டில், ஒரே தாய்க்கு, 1987 மே மாதம் ஒரு பிள்ளையும் 1988-இல் இன்னொரு பிள்ளையும் பிறந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். மூத்தவள் இந்தியக் குடிமகள். இளையவன் அயல்நாட்டான். இருவரும் ஒரே குடத்துத் தண்ணீர் குடித்து, ஒரே பள்ளிக்குப் போய், ஒரே அதிகாரியிடம், ஆள் எண்ணும் ஒரே ‘செக்கிங்’குக்குக் கைகட்டி நின்றிருப்பார்கள். முகாம்களில் இப்போது குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்கள். இனிப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு முகாமும் ஒரு சீதனம்.

படகுக்குப் பதிலாக ஒரு தாள்

தனி விசா எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது மணல்திட்டு. ராமேஸ்வரத்துக்குத் தென்கிழக்கே, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மேடுகள். நகை நட்டை விற்றுக் காசு கொடுத்தவர்களை இருட்டில் அந்தத் திட்டுகளில் இறக்கிவிட்டுப் படகுக்காரன் திரும்பிவிடுவான். கைக்குழந்தையோடு, குடிதண்ணீர் இல்லாமல், இந்தியக் கடலோரக் காவல்படை வந்து எடுக்கும்வரை கிடக்கவேண்டும். கடல் கொண்டுபோனவர்களும் இருக்கிறார்கள். ஆபத்தில் இருப்பவனுக்கு அவன் ஊரிலேயே ஒரு தாளைக் கொடுத்துவிட்டால் இந்தப் படகுக்கு வேலையில்லை.

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் அதைச் செய்து காட்டியது. ஐ.எஸ். அமைப்பு யாசிதிப் பெண்களைச் சிறைபிடித்து விற்ற கொடுமைக்குப் பிறகு, 2015, 2016-இல் அந்த மாநிலம் வட ஈராக்குக்கே ஆளனுப்பி, சுமார் 1,000 பெண்களையும் குழந்தைகளையும் தேர்ந்தெடுத்து, விசா கொடுத்து, விமானத்தில் அழைத்து வந்தது. வீடும் மனநல மருத்துவமும் கொடுத்தது. அவர்களில் ஒருவர்தான் நாதியா முராத். 2018-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். ஒரு நாடுகூட அல்ல, ஒரு மாநில அரசு. மனமிருந்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நம் சனங்களுக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒரு வாசல் திறந்தது. 1983 ஜூலைக்குப் பிறகு கனடா இலங்கைத் தமிழருக்கென்று தனி ஏற்பாடு கொண்டுவந்து நிபந்தனைகளைத் தளர்த்தியது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்து கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கஸ் டால்டன் என்ற மீனவர் தலைமையிலான படகு கண்டெடுத்தது. கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. தங்க அனுமதி கொடுத்தது. பிரிட்டன் நேர்மாறாகப் போனது. 1985-இல் இலங்கையருக்கு விசா கட்டாயம் என்றது. காமன்வெல்த் நாடொன்றின் குடிமக்கள் மீது அது அப்படி விதித்தது அதுவே முதல்முறை. ஆட்கள் அதிகம் வர ஆரம்பித்த நேரத்தில், வாசலை மூடும் தாழ்ப்பாளாகவே விசா பயன்பட்டது. விசா என்ற சொல்லுக்குள் சாவியும் பூட்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இன்னொரு கப்பலையும் மறக்க முடியாது. 2014 ஜூனில் 157 தமிழர்களோடு ஆஸ்திரேலியாவை நோக்கிப் போனது. அது புறப்பட்ட இடம் யாழ்ப்பாணம் அல்ல, புதுச்சேரி. நம் மாநிலத்தில் பாதுகாப்பாக இருந்தவர்கள்தான், பிள்ளைகளோடு இந்துமகா சமுத்திரத்தில் இறங்கினார்கள். ஆஸ்திரேலியக் கப்பலில் ஏறக்குறைய ஒரு மாதம் நடுக்கடலில் அடைபட்டுக் கிடந்து, கடைசியில் நவுருத் தீவுக்கு அனுப்பப்பட்டார்கள். இங்கே அவர்களை யாரும் கொல்லவில்லை. குண்டு போடவில்லை. பிறகு ஏன் போனார்கள்? பெயிண்டர் மகன் பெயிண்டர், அவன் மகனும் பெயிண்டர் என்று தெரிந்துவிட்ட பிறகு ஒரு மனிதன் என்ன செய்வான் என்பதுதான் அந்தக் கேள்விக்குப் பதில். உள்வாசல் இல்லாத பாதுகாப்பு, மனிதரை மறுபடியும் கடலில் இறக்குகிறது.

தனி விசாவுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. துரத்துகிறவன் விரும்புவதும் அதைத்தானே என்பார்கள். சிறுபான்மையினரை மூட்டை கட்டி வெளிநாடு அனுப்பிவிட்டால், அந்த மண் அவனுக்கே முழுதாகப் போய்விடும். இது வெறும் தர்க்கம் அல்ல. யாழ்ப்பாணத்தில் எண்ணிப் பார்க்கலாம். 2010 பொதுத் தேர்தலில் யாழ் மாவட்டத்துக்கு 9 நாடாளுமன்ற இடங்கள். 2015-இல் 7. 2024-இல் 6. சனம் வெளியேற, வெளியேற, தமிழரின் குரலும் கொழும்பில் குறைகிறது. வடக்கில் இருந்து போராடுகிறவர்கள் இதைச் சொல்லி வருந்தும்போது நாம் குறுக்கே பேச முடியாது.

ஆனாலும் நான் தனி விசா வேண்டும் என்ற பக்கம்தான் நிற்கிறேன். காரணத்தை யாழ்ப்பாணத்து நல்லூரில் தேடவேண்டும். ஆடி ஆவணியில் கந்தசாமி கோயில் திருவிழாவுக்கு டொரண்டோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்து இறங்குகிறவர்களைப் பாருங்கள். பழைய வீட்டுக்கு ஓடு மாற்றுகிறார்கள், பள்ளிக்கூடத்துக்குக் கட்டிடம் கட்டுகிறார்கள், காணி வழக்கு நடத்துகிறார்கள். அவர்களால் ஊருக்கு வரமுடிவது எதனால்? கையில் கனடா பாஸ்போர்ட் இருக்கிறது. பிரச்சினை என்றால் திரும்பிவிடலாம். மன்னாரிலிருந்து ஒரு ராத்திரிப் படகுத் தூரத்தில் வாழும் குல்லூர்சந்தைக் கிழவிக்கு அது முடியாது. வெளியேறும் அனுமதி வாங்கிக்கொண்டு போனால் போனதுதான். மகனும் பேரனும் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம். ஆகவே அவள் போகவே மாட்டாள். குடியுரிமை கொடுத்தால் ஊரை மறந்துவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். இருக்க உரிமை பெற்றவர்கள்தான் ஊருக்குப் போய்வருகிறார்கள். தொங்கலில் விடப்பட்டவர்கள் இரண்டு கரைக்கும் ஆகாமல் நடுவில் நிற்கிறார்கள்.

அதனால் ஒரு நாடு தனி விசா கொடுக்கும்போது கேட்கவேண்டிய கேள்வி ‘நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய்?’ என்பதல்ல. ‘உனக்கு யாரால் என்ன ஆபத்து?’ என்பதுதான். யாசிதிக்கும் அகமதியருக்கும் ஹசாராவுக்கும் ஈழத்தமிழருக்கும் ஒரே அளவுகோல். கொடுக்கும் நாளிலேயே, இத்தனை ஆண்டில் நீ இந்த வீட்டாள் என்று எழுதியும் கொடுக்கவேண்டும். முடிவு தேதி இல்லாத கருணை, தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தைக் கை நீட்ட வைத்துவிடும்.

2025 மே 19-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. தண்டனைக் காலம் முடிந்து நாடுகடத்தப்படவிருந்த ஓர் இலங்கைத் தமிழர், திரும்பிப் போனால் உயிருக்கு ஆபத்து என்று முறையிட்டார். 140 கோடி மக்களோடு திணறும் இந்தியா உலக அகதிகளுக்கெல்லாம் தர்மசத்திரம் அல்ல என்ற பொருளில் நீதிபதிகள் வாய்மொழியாகச் சொன்னார்கள். பாரம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் சத்திரம் என்ற சொல் எங்கள் பக்கத்தில் இழிவான சொல் அல்ல. ராமேஸ்வரம் போகும் வழியெல்லாம் சேதுபதி மன்னர்கள் சத்திரம் கட்டி, கிராமங்களின் வருமானத்தை அதற்கு எழுதி வைத்த சீமை இது. மழையே இல்லாத பூமிதான். வழிப்போக்கனுக்குச் சோறு போட அதை ஒரு தடையாக நினைக்கவில்லை.

இந்த ஊர்களில் இன்று ‘மண்ணின் மைந்தர்’ என்று நிமிர்ந்து நடப்பவர்களில் எத்தனை பேர் வந்து சேர்ந்தவர்கள்! அருப்புக்கோட்டையில் தறி ஓட்டும் தேவாங்கர் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். கரிசல் பூமியின் தெலுங்குக் குடிகளிடம் ஒரு பூர்வீகக் கதை வழங்குகிறது. தங்கள் வீட்டுப் பெண்ணைக் கேட்ட ராஜாவுக்குப் பயந்து இரவோடு இரவாகக் கிளம்பியதும், ஆறு குறுக்கிட்டபோது மரம் வளைந்து பாலமானதும், தெற்கே வந்து காடு திருத்தியதும் அதில் வரும். கி.ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ அந்தக் கதையிலிருந்து முளைத்த நாவல்தான். உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சி ஓடிவந்த சிறுபான்மையினர் அவர்களும். அவர்களுக்கு நிலைப்படி தாண்ட எத்தனை தலைமுறை ஆகியிருக்கும் என்று தெரியாது. ஆனால் தாண்டினார்கள். காடு திருத்தியவனுக்குக் காடு சொந்தமாயிற்று.

என் பள்ளித் தோழனின் தாத்தா மலையகத்தில் கொழுந்து பறித்தவர். அவர் வைத்திருந்த ட்ரங்குப் பெட்டியில், கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்துக்கு எழுதிய குடியுரிமை விண்ணப்பத்தின் நகல் ஒன்று இருக்கிறது. மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கிறது. பூர்வீகம் என்ற இடத்தில் ராமநாதபுரம் ஜில்லா, முதுகுளத்தூர் தாலுகா என்று எழுதி, ஓர் ஊர்ப் பெயரும் இருக்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து கமுதி வழியாகப் பஸ்ஸில் போகிற தூரம்தான். போன வருஷம் சிவராத்திரிக்கு, மாலைக்குள் திரும்பிவிடுவதாக முகாமில் சொல்லிவிட்டு, அந்தத் தாளோடு அவன் அங்கே போனான். நானும் கூடப் போனேன்.

ஊருக்குள் யாருக்கும் தாத்தாவின் பெயர் தெரியவில்லை. குலசாமியின் பெயரைச் சொன்னான். கண்மாய்க் கரையில் இருந்த கோயிலுக்கு ஒரு பையன் கூட்டிப் போனான். பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பங்காளிகள் அவனை உட்காரவைத்து விசாரித்தார்கள். எந்த வகையறா, தாத்தாவுக்கு உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், கண்டிக்கு எப்போது போனார்கள். ஒரு கிழவர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அந்தத் தலைக்கட்டு கண்டிக்குப் போயிருச்சுன்னு எங்கய்யா சொல்லுவாரு’ என்றார்.

வரி எவ்வளவு என்று கேட்டு இவன் பணத்தை எடுத்தான். கணக்குப்பிள்ளை நீளமான பேரேட்டைத் திறந்து, கடைசிப் பெயருக்குக் கீழே, புதிய தலைக்கட்டு என்று எண் போட்டு, அவன் பெயரை எழுதினார். ஊர் என்ற இடத்தில் என்ன போடட்டும் என்று நிமிர்ந்து பார்த்தார். இவன் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தான். பிறகு ‘குல்லூர்சந்தை’ என்றான்.